குத்துவிளக்கும் பிங்க் டுட்டுவும்

பாலே ஆடுபவர்கள் இடுப்பில் கட்டும் டுட்டு தைக்க வருமா என்று உங்களில் யாரைக் கேட்டாலும் வரும் என்றுதான் சொல்வீர்கள். எனக்குத் தெரியும். துபாயில் பெண்கள் ஆடைக்கடையில் நான் கட்டிங் பார்த்த காலம் முழுக்க, "எனக்கு இது வராது" என்று சொன்ன ஒரு டெய்லரைக்கூட நான் சந்தித்ததில்லை. கஸ்டமர் ஒரு படத்தை நீட்டி "இதே மாதிரி" என்பார். நாம் "நோ ப்ராப்ளம் மேடம்" என்போம். அன்றைக்குப் பத்திரிகையிலிருந்து கிழித்த படம், இன்றைக்குச் செல்போன் படம், வித்தியாசம் அவ்வளவுதான். படத்தில் இருப்பவள் நகரமாட்டாள், உட்காரமாட்டாள், பக்கத்தில் இருக்கும் எதன்மேலும் இடிக்கமாட்டாள். அதனால் படத்தைப் பார்த்துத் தைப்பது சுலபம். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை ஓடும்போதுதான் நம் பிழைப்பு சந்திக்கு வரும்.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். வலையை எப்படிக் கொசுவுவது, வளையக் கம்பியை எங்கே கோர்ப்பது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதற்கு உங்களிடம் வீடியோ இருக்கிறது. ஒரே ஒரு பாவாடையைப் பற்றியும், அதனால் என் வேலை போகவிருந்ததைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாவாடையின் பூர்வீகம். பாலே ஆடிய பெண்கள் ஆரம்பத்தில் அரண்மனைச் சீமாட்டிகளைப் போலத் தரையைக் கூட்டும் கவுனில்தான் ஆடினார்கள். காலில் என்ன வித்தை காட்டினாலும் அது கவுனுக்குள்ளேயே முடிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் மேடையில் கணுக்கால் தெரியும்படி மெல்லிய வெள்ளைப் பாவாடை வந்தது. அடுக்கடுக்கான பருத்தித் துணி, விரைப்பாக நிற்பதற்குக் கஞ்சி. நம் வீட்டில் காட்டன் சேலைக்குப் போடுகிற அதே சமாசாரம்தான். நாம் போட்டால் சலவை, பாரிஸில் போட்டால் கலை. பிறகு வித்தை கூடக்கூடப் பாவாடை மேலே ஏறியது. முழங்கால் தெரிந்தது, தொடை தெரிந்தது, கடைசியில் இடுப்பைச் சுற்றி அப்பளம்போல விரிந்து நிற்கும் வலையாகிவிட்டது. டுட்டு என்ற பெயரேகூட, மலிவு டிக்கெட்டில் கீழே உட்கார்ந்து மேலே பார்த்தவர்கள் வைத்த கொச்சைப் பெயர் என்கிறார்கள். எப்படியோ, அது ஒரு வேலை உடை. கால் தெரியவேண்டும் என்பதற்காக வெட்டினார்கள், அழகு பின்னால் தானாக வந்து சேர்ந்தது.

பேஷன்காரர்கள் அழகை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்கள். உலகப்போர் முடிந்தபின் பாரிஸில் அகலப் பாவாடை கவுன்கள் வந்தன, உள்ளே அடுக்கு வலை. அங்கிருந்து அது அமெரிக்கப் பிள்ளைகளின் பள்ளி விருந்துக்குப் போனது, கல்யாண கவுனுக்குப் போனது, பாப் பாடகிகளின் தோல் ஜாக்கெட்டுக்குக் கீழே போனது. நான் சொல்லும் காலத்தில், அதாவது இரண்டாயிரங்களின் நடுவில், வளர்ந்த பெண்கள் கான்வாஸ் ஷூவுக்கு மேல் டுட்டு போட்டுத் தெருவில் நடக்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. துபாயில் கேட்கவே வேண்டாம். மாலுக்குள் போனால் தள்ளுவண்டிக்கு ஒரு இளவரசி உட்கார்ந்திருப்பாள். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், பிள்ளைக்கு நைலான் வலை, பிள்ளை சொறிந்துகொண்டே ஐஸ்கிரீம் சாப்பிடும்.

இந்தச் சரித்திரத்தில் பேஷன்காரர்கள் சொல்லாத ஒரு பக்கம் உண்டு. அந்தக் காலத்து மேடைகளில் கேஸ் விளக்குகள்தான், சில இடங்களில் மேடை விளிம்பில் திறந்த சுடராகவே எரியும். ஆடிய பெண்களில் பலர் பாவாடையில் தீப்பிடித்துச் செத்திருக்கிறார்கள். தீப்பிடிக்காத மருந்தில் துணியை முக்கி எடுக்கும் முறையும் அப்போதே இருந்தது. முக்கினால் துணி மொடமொடப்பாகும், வெள்ளை மங்கும். அதனாலேயே சில ஆட்டக்காரிகள் அது வேண்டாம் என்று மறுத்தார்கள். அப்படி மறுத்த ஒரு சின்னப்பெண் பாரிஸில் தீக்காயத்தோடு மாதக்கணக்கில் கிடந்து இறந்துபோனாள். இதைப் படித்த நாளிலிருந்து நெட் துணியைத் தொடும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம் வரும். தொழிலுக்கு ஒத்துவராத ஞாபகம்தான்.

என் கணவர் அபுதாபி பக்கம் ருவைஸில் ரிஃபைனரியில் பாதுகாப்பு அதிகாரி. விடுமுறைக்குத்தான் துபாய் வருவார். அங்கே எல்லாருக்கும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும், தீப்பிடிக்காத கவரால். ஆகஸ்டு மாதத்தில் அதற்குள் நிற்பது தண்டனை. ஆட்கள் கையை மடித்துவிடுவார்கள், கழுத்தைத் திறந்துவிடுவார்கள், இவர் பின்னாலேயே போய்ப் பூட்டச் சொல்வார். நான் அந்தப் பாரிஸ் கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார். "வேர்க்குதுன்னு கழட்டுறவனோட நான் பேசிப் பார்த்துடுவேன் சுகந்தி. நல்லா இல்லைன்னு கழட்டுறவன் எங்ககிட்ட இல்ல. அவன் உன் தொழில்லதான் இருக்கான்" என்றார்.

அவன் வரவில்லை, அவள் வந்தாள்.

எங்கள் கடை துபாயின் தேராவில். முதலாளி கீழக்கரைக்காரர், எல்லாருக்கும் பாய். குரல் உயர்த்தாத மனிதர், ஆனால் எந்தக் கஸ்டமருக்கும் "மாஃபி", அதாவது இல்லை, என்று சொல்லத் தெரியாதவர். நிலாவுக்கு உறை தைக்கச் சொன்னாலும் "அளவு குடுத்துட்டுப் போங்க மேடம்" என்பார். எங்கள் பெரிய கஸ்டமர் ரேணுகா மேடம். சென்னைக்காரர், கணவர் கம்பெனி ஒன்றில் மேலாளர். இவர் அங்கிருந்த ஒரு தமிழர் அமைப்பில் கலைச் செயலாளர். அவர் சொன்னால் அமைப்பிலிருந்த பாதி வீடுகள் நம் கடைக்கு வரும், சொல்லாவிட்டால் எதிர்க்கடைக்குப் போகும்.

ஒருநாள் கையில் ஒரு பத்திரிகைப் படத்தோடு வந்தார். ரஷ்யாவோ எதுவோ, ஒருத்தி ஒற்றைக்கால் விரலில் நிற்கிறாள், இடுப்பில் அப்பளம்.

"ஆண்டு விழாவுக்கு எட்டு பொண்ணுங்களுக்கு இதே மாதிரி வேணும் பாய், பிங்க்ல. என் பொண்ணு தன்யாதான் நடுவுல. ஆனா இது வெறும் பாலே இல்ல, ஃப்யூஷன். கையில தட்டு, தட்டுல எரியற அகல் விளக்கு. பாலே ட்ரெஸ், நம்ம தீபம். ரெண்டு கல்ச்சரும் மேடைல கைகோர்க்கணும்."

பாய் படத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "நோ ப்ராப்ளம் மேடம்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நைலான் வலையில் எட்டுப் பிள்ளைகள், எட்டுத் திறந்த சுடர். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பாரிஸில் விபத்தாக நடந்ததை நாம் யோசித்து, கமிட்டி போட்டு, ஒருமனதாக நடத்தப் போகிறோம். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. பாலேக்காரனுக்கு அகல் விளக்கு தெரியாது, ஊரிலிருக்கும் நம் ஆட்களுக்கு டுட்டு தெரியாது. இரண்டும் தெரிந்து இரண்டையும் ஒரே பிள்ளைமேல் வைக்க, நாம் வளைகுடாவுக்கு வரவேண்டியிருந்தது.

அவர் முன்னாலேயே ஒரு துண்டு நெட்டை டீ கிளாசின் சாஸரில் வைத்துக் கொளுத்திக் காட்டினேன். பற்றியதும் உருகிச் சொட்டியது. சொட்டியதும் எரிந்தது. பாய் முகம் மாறியது. ரேணுகா மேடம் மூக்கை மூடிக்கொண்டு, "நெருப்பை நேரா வெச்சா எது வேணா எரியும் சுகந்தி. பிள்ளைங்க கைய முன்னாடி நீட்டித்தானே பிடிப்பாங்க" என்றார்.

சரி, மருந்து தெளித்த துணியில் தைக்கிறேன் என்று வரவழைத்த சாம்பிளைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். "கலர் டல்லா இருக்கே. போட்டோல சோகமா வரும்."

அந்தப் பாரிஸ்காரி கல்லறையிலிருந்து எழுந்துவந்து பேசியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் இந்தத் தொழிலில் கோபத்தைக் கஸ்டமரிடம் காட்டினால் கஸ்டமர்தான் போவார், கோபம் நம்மிடமே இருக்கும். வேறு வழியில் போனேன்.

"மேடம், விளக்குல எண்ணெய் இருக்குமே. பிள்ளைங்க சுத்துறப்ப சொட்டும். நெட்ல எண்ணெய் பட்டா கறை போகவே போகாது. முதல் சுத்துலயே பிங்க் எல்லாம் மஞ்சள் புள்ளியா ஆயிடும். வீடியோ முழுக்கத் தெரியும்."

ரேணுகா மேடம் அப்படியே நின்றார். "ஐயையோ, அதை நான் யோசிக்கவே இல்லையே" என்றார். மறுநாள் டிராகன் மார்ட் என்ற சீனச் சந்தையிலிருந்து பேட்டரியில் மினுக்கும் பிளாஸ்டிக் அகல்கள் வந்துவிட்டன. டுட்டுகளை மட்டும் மருந்தில்லாத நைலான் வலையிலேயே தைத்தேன்.

இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டுமோ கற்றுக்கொள்ளுங்கள். தீ என்றேன், காதில் விழவில்லை. கறை என்றேன், கடைக்கு ஆள் ஓடியது. எதிராளிக்கு எதில் பயம் என்று கண்டுபிடித்து அங்கே பேசுங்கள். நியாயம் பேசுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும். பெருமைப்படத்தக்க பாடமில்லை, ஆனால் எட்டுப் பிள்ளைகளின் கையிலிருந்து நெருப்பு இறங்கிவிட்டது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நிம்மதி விழா நாள்வரை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் ஒன்றின் அரங்கம், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். நான் மேடைக்குப் பக்கத்து அறையில் பிள்ளைகளுக்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். தன்யா, "ஆன்ட்டி, இட்ஸ் ஸோ இட்சி" என்று இடுப்பைச் சொறிந்துகொண்டே இருந்தாள். மேடையில் வழக்கமான வரவேற்பு, வழக்கமான பொன்னாடை. பிள்ளைகளை இரண்டு பக்கமும் வரிசையாகத் திரைக்கு ஓரம் கொண்டுவந்து நிறுத்தியபோதுதான் மேடையைப் பார்த்தேன்.

மேடையின் முன் ஓரத்தில் குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினர் ஏற்றிவைத்த ஐந்து முகமும் நெடுநெடுவென்று எரிகிறது. அந்தச் சுடர், பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில், அதாவது சரியாக டுட்டு விரிந்து நிற்கும் உயரத்தில். கை விளக்கைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள் யாரும் இதை நெருப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏனென்றால் நமக்கு அது நெருப்பு இல்லை, மங்களம். ரிகர்சலும் வேறு இடத்தில், சுடிதாரில் நடந்திருந்தது. சுடிதார் போட்ட பிள்ளை ஒரு பிள்ளையின் அகலம்தான். டுட்டு போட்ட பிள்ளைக்கு மூன்று பிள்ளை அகலம். அவர்கள் முன் ஓரத்தில் வட்டமாகச் சுற்றி வருவதாகத்தான் நடனத்தை அமைத்திருந்தார்கள்.

திரையோரம் நின்ற ரேணுகா மேடத்தின் கையைப் பிடித்தேன்.

"மேடம், அந்த விளக்கை எடுக்கணும். பிள்ளைங்க பாவாடை அதுல படும்."

"இப்பவா? எண்ணெய் ததும்ப இருக்கு, ரெண்டு ஆள் தூக்கணும். சீஃப் கெஸ்ட் முன்னாடி உக்காந்திருக்காரு."

"அப்ப அமர்த்திடலாம்."

"என்ன பேசறீங்க? விழா முடியற வரைக்கும் எரியணும். பிள்ளைங்ககிட்டப் பாத்து சுத்தச் சொல்லியாச்சு. நீங்க தள்ளுங்க."

இசை தொடங்கிவிட்டது. எதிர்ப்பக்கத் திரையிலிருந்து முதல் பிள்ளை காலெடுத்து வைத்துவிட்டது. எனக்கு அப்போது யோசிக்க இருந்த இடைவெளியில், வேலை போகும் என்பதையும், நம் ஆட்கள் என்னை என்னவென்று பேசுவார்கள் என்பதையும், கூடவே அந்தப் பாரிஸ் பெண்ணையும் நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. கழுத்தில் இன்ச் டேப், தோளில் ஊசி குத்திய துணி, அந்தக் கோலத்தோடு மேடையில் நடந்தேன். விளக்கில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, வீட்டில் செய்வதுபோல ஒவ்வொரு திரியாக எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்தினேன். ஐந்தாவது திரி அணைவதற்கும் பிள்ளைகள் என்னைச் சுற்றி வருவதற்கும் சரியாக இருந்தது. அரங்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் டுட்டுகளுக்கு நடுவே குனிந்து வெளியே வந்தேன்.

பிள்ளைகள் ஆடினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காததுதான் என் குற்றத்துக்குச் சாட்சி. எரியாத பிள்ளையைக் காட்டி, பாருங்கள், நான் காப்பாற்றினேன் என்று யாரிடம் சொல்வது? அமங்கலம் என்றார்கள், திமிர் என்றார்கள். கலைச் செயலாளரின் பெயரைக் கெடுக்கச் செய்தது என்றும் சொன்னார்கள். அடுத்த நாள் பாய் என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"சுகந்திம்மா, நீங்க செஞ்சது சரியா தப்பான்னு நான் பேச வரல. அது உங்க ஆளுங்க சாமி காரியம், நான் வாயே தொறக்க முடியாது. ஆனா அமத்துனது என் கடை ஆளு. ஊருல என்ன பேசுறாங்க தெரியுமா? பாய் கடைல இருந்து வந்து நம்ம விளக்கை அணைச்சுட்டாங்கன்னு பேசுறாங்க. இதை நான் எப்புடித் தாங்குறது?"

அவர் பயம் உண்மையான பயம். நான் ஒரு பூவால் அமர்த்தியது இவர் தலைமேல் வந்து விடிந்திருந்தது.

"இந்த மாசத்தோட முடிச்சுக்குவோம்மா. கலாஸ்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் மேசைக்குப் போய், வெட்டிக்கொண்டிருந்த துணியை வெட்டினேன். கண் நிறைந்து கோடு தெரியாமல் போனதால் கொஞ்சநேரம் கத்தரியைக் கீழே வைத்திருந்தேன்.

மாத முடிவுக்கு முன்னால் ரேணுகா மேடம் வந்தார். கையில் பெரிய பை, பைக்குள் தன்யாவின் டுட்டு.

"அன்னைக்கு நீங்க பண்ண காரியத்துக்கு நான் இந்தக் கடை வாசலே மிதிச்சிருக்கக் கூடாது. ஆனா தைச்சது நீங்கதானே, நீங்கதான் சரி பண்ணணும். போட்டோ ஸ்டூடியோக்குப் போகணும்னு எடுத்துப் பாத்தா இப்படி இருக்கு. கையில பேட்டரி விளக்குதான் இருந்துச்சு. உங்க துணிலயே ஏதோ கோளாறு."

மேசையில் விரித்தார். வலையின் வெளி விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை. நடுவில் கருப்பாகக் கரிக்கோடு, திரி நுனி தடவிய தடம். பாய் எட்டிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வாய்வரை நிறைய வார்த்தைகள் வந்தன. அத்தனை நாள் பட்டதற்கு நல்ல காரமாகவே வந்தன. ஆனால் அந்தக் கரிக்கோடு இருந்த இடம் பிள்ளையின் தொடைக்கு எவ்வளவு பக்கம் என்று என் கை தானாக அளந்து பார்த்தது. அளந்தபின் காரம் போய்விட்டது.

"முகர்ந்து பாருங்க மேடம்" என்றேன்.

முகர்ந்தார். "நல்லெண்ணெய்" என்றார்.

"அன்னைக்கு மேடைல நல்லெண்ணெய் இருந்தது ஒரே இடத்துலதான்."

அவர் கட்டைவிரலால் அந்தக் கறையைத் தேய்த்தார். பிறகு விரலைப் பார்த்தார், கரி ஒட்டியிருந்தது.

"போகுமா?" என்றார்.

"போகும் மேடம்."

"அப்புறமா வந்து வாங்கிக்கறேன்."

வரவேயில்லை. மற்ற துணிகளுக்கு டிரைவரை அனுப்புவார், தன்யாவின் பள்ளி யூனிஃபார்ம்கூட எங்களிடம்தான் வந்தது. நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை, அந்த டுட்டுவைக் கேட்டதும் இல்லை. மாதம் முடிந்தது. பாய் முடிக்கவில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கறை போகும் என்று சொன்னேனே தவிர, அதை நான் எடுக்கவுமில்லை. டுட்டுவைத் தலைகீழாகத்தான் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் வலை சரிந்துவிடும். கடையின் பின்னறையில், கட்டிங் மேசைக்கு மேலே, அது அப்படித் தலைகீழாகத் தொங்கியது.

நான் வேலையை விட்டு வரும் வருடம் ஒரு அம்மா வந்தார். திறந்த கதவு வழியாக அதைப் பார்த்துவிட்டு, "அதே மாதிரி என் பொண்ணுக்கும் வேணும் பாய். பர்த்டே. கேக் கட் பண்றப்ப சுத்தி எல்லா பிள்ளைங்க கையிலயும் மெழுகுவத்தி குடுக்கப் போறோம்" என்றார்.

பாய் திரும்பி அந்த டுட்டுவைப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கஸ்டமரிடம் சொன்னார்.

"மெழுகுவத்தின்னா மாஃபி மேடம். தைக்க மாட்டோம்."